உஷார்! 125 நாள் என்ற எண்ணைப் பார்த்து அசந்துவிடாதீர்கள்

ஏரியூரிலிருந்து அரூர் வரை, நூறு நாள் வேலைக்குப் போகும் எந்த வீடும் தெரிந்துகொள்ளாமல் விடக் கூடாத சேதி இது. இருபது வருடமாக அந்த வேலையைத் தாங்கி நின்ற சட்டத்தை நாடாளுமன்றம் மாற்றிவிட்டது. புதிய சட்டம் 100 நாளை 125 நாளாக உயர்த்தியிருக்கிறது. கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் அதே சட்டத்துக்குள் இன்னும் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, செலவில் நாற்பது சதவீதத்தை மாநில அரசு கட்ட வேண்டும். இரண்டாவது, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பணம் என்பதை டெல்லி முன்கூட்டியே முடிவு செய்துவிடும். அதைத் தாண்டிய செலவு முழுவதும் மாநிலத்தின் தலையில் விழும். மூன்றாவது, விதைப்பு, அறுவடைக் காலம் என்று வருடத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் 125 என்ற எண்ணுக்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

மானாவாரியை நம்பியிருக்கிற, வேலை தேடி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிற தருமபுரி மாவட்டம், இதைச் சும்மா கேட்டுவிட்டு நகர முடியாது.

நடந்தது இதுதான்

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-ல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியபோது அந்தப் பட்டியலில் தருமபுரி இல்லை. 2008 ஏப்ரல் 1 முதல் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தபோதுதான் நம் ஊர்களுக்கு வந்தது. மகாத்மா காந்தியின் பெயர் 2009-ல் சேர்ந்தது. ஏரி தூர்வாரல், கால்வாய் வெட்டுதல், பண்ணைக்குட்டை, தடுப்பணை, மரக்கன்று நடுதல் என்று வேலை நடந்தது. 'ஏரி வேலை' என்றும் 'நூறு நாள் வேலை' என்றும் ஊரே பேர் வைத்துக்கொண்டது.

2025 டிசம்பர் 16 அன்று அந்தச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு மசோதா மக்களவைக்கு வந்தது. விக்சித் பாரத் கேரண்டி ஃபார் ரோஜ்கார் அண்டு ஆஜீவிகா மிஷன் (கிராமீன்) என்று நீளமான பெயர், சுருக்கமாக 'வி.பி. ஜி ராம் ஜி' என்கிறார்கள். இரண்டே நாளில், டிசம்பர் 18 அன்று, கூச்சல் குழப்பத்துக்கு நடுவே மக்களவை நிறைவேற்றியது. அன்று நள்ளிரவைத் தாண்டி மாநிலங்களவையும் நிறைவேற்றியது. டிசம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். மத்திய அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வருவதாகச் சட்டம் சொல்கிறது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் தனக்கான திட்டத்தை வகுத்தாக வேண்டும்.

கோடிக்கணக்கான குடும்பங்களின் கூலியைத் தொடும் சட்டம், மூன்று நாளுக்குள் இரு அவைகளையும் கடந்துபோனது. அந்த மூன்று நாளிலும் அதிகம் ஒலித்தது காந்தியின் பெயரை எடுத்தது சரியா தவறா என்ற வாதம். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெயரைப் பற்றிய சத்தத்தில், பணத்தைப் பற்றிய பிரிவுகளை ஊர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டால், கூலி குறையும் நாளில்தான் விஷயம் புரியும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பழைய சட்டத்தில், மண் வெட்டிச் சுமக்கும் தொழிலாளியின் கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது. சிமென்ட், ஜல்லி போன்ற பொருள் செலவில் மட்டும் கால் பங்கு மாநிலத்துடையது. புதிய சட்டத்தில் கூலி, பொருள் எல்லாவற்றிலும் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90-க்கு 10.

தமிழ்நாட்டில் 2025-26-க்கான கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஒரு குடும்பம் 125 நாளும் வேலை செய்தால் 42,000 ரூபாய். அதில் நாற்பது சதவீதம் 16,800 ரூபாய். முன்பு இந்தக் கூலியில் மாநிலம் ஒரு ரூபாயும் போட வேண்டியதில்லை. இனி குடும்பத்துக்கு 16,800 போட வேண்டும். ஒரு லட்சம் குடும்பங்களுக்கு 168 கோடி. தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் பதிவு செய்திருக்கும் குடும்பங்கள் சுமார் 76 லட்சம். எல்லோரும் எல்லா நாளும் வரப்போவதில்லை என்றாலும், சுமை எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கூலி விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே இருக்கிறது. தொகையை முடிவு செய்வது டெல்லி. நாற்பது பங்கு கட்ட வேண்டியது சென்னை. விலைவாசிக்கு ஏற்றபடி கூலியைக் கூட்டச் சொல்லி நாம் கேட்டால், இனி இரண்டு கஜானாக்கள் கை விரிக்கலாம்.

தமிழக அரசின் கஜானா நிலைமை என்ன? 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9 லட்சத்து 29 ஆயிரம் கோடியைத் தாண்டும் என்று அரசின் 2025-26 பட்ஜெட்டே மதிப்பிட்டது. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வரிப் பணத்தில் பதினைந்தாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலையில் தொடங்கி வைத்த இடம் நம் தொப்பூர். அந்த ஆயிரமும், காலை உணவும், இலவசப் பேருந்தும், இனி இந்த நாற்பது பங்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். பெட்டி சிறுத்தால் எதில் கை வைப்பார்கள்? யார் ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கேள்வி வரும்.

அசல் ஆபத்து உச்சவரம்பில் இருக்கிறது

நாற்பது சதவீதத்தைவிட எனக்கு அதிகம் பயம் தருவது இரண்டாவது ஏற்பாடு.

பழைய சட்டத்தின் உயிர் ஒரு வரியில் அடங்கும்: வேலை கேட்டால் கொடுக்க வேண்டும். பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்குவார்கள். கேட்கிறவர்கள் கூடினால் தொகையும் கூட வேண்டும். இது ஏட்டளவில் இருந்த சட்டம் என்று யாராவது சொன்னால் 2020-ஐ நினைவுபடுத்துங்கள். அந்த வருட பட்ஜெட்டில் முதலில் ஒதுக்கியது 61,500 கோடி. கொரோனா வந்து நகரத்தில் வேலை போய், ஜனங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவர்களும் திருப்பூரில் தையல் மிஷினில் உட்கார்ந்தவர்களும் ஏரிக்கரையில் மண்வெட்டி பிடித்தார்கள். கேட்டவர்கள் கூடியதால் ஒதுக்கீடு 1,11,500 கோடியாக ஏறியது. அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் இந்த வேலையால் அடுப்பு பற்றவைத்தன.

இனி அப்படி நடக்குமா? புதிய சட்டப்படி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ஒதுக்கீட்டை மத்திய அரசு தீர்மானிக்கும். எந்த அளவுகோலில் தீர்மானிப்பது என்பதையும் மத்திய அரசே வகுக்கும். அந்தத் தொகை தீர்ந்த பிறகு ஆகும் செலவு மாநிலத்துடையது. இன்னொரு கொரோனா, இன்னொரு பெரிய வறட்சி வந்து, ஜனங்கள் வேலை கேட்டு வரிசையில் நின்றால், கூடுதல் பணத்தை மாநிலமே தேட வேண்டும். தேட முடியாத மாநிலம் வேலையை நிறுத்தும். ரேஷன் அட்டையில் எத்தனை கிலோ எழுதியிருந்தாலும் கடைக்கு லாரி வந்தால்தான் அரிசி. 125 நாளும் அப்படித்தான்.

மத்திய அரசு தன் மசோதாவோடு தந்த நிதிக் குறிப்பில், வருடத்துக்கு மொத்தம் சுமார் 1,51,282 கோடி ரூபாய் தேவைப்படும், அதில் மத்தியப் பங்கு சுமார் 95,692 கோடி என்று சொல்லியிருக்கிறது. மிச்சம் 55,590 கோடி மாநிலங்களின் பொறுப்பு. 2025-26-ல் ஒதுக்கிய 86,000 கோடியோடு ஒப்பிட்டால் மத்திய அரசின் பங்கு கூடியிருக்கிறது என்கிறார்கள். ஆனால் 2020-21-ல் இதே மத்திய அரசு தன் கையிலிருந்து எடுத்த 1,11,500 கோடியைவிட இது குறைவு. அதற்குப் பிறகு கூலியும் ஏறியிருக்கிறது, விலைவாசியும் ஏறியிருக்கிறது. நாட்களை 125 ஆக்கிவிட்டுப் பணத்தைக் கட்டிவைத்தால், யாருக்கு 125 கிடைக்கும்?

100 நாள் என்று சட்டம் சொன்ன காலத்திலேயே, நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது சுமார் 50 நாள். 100-ஐத் தர முடியாமல் பாதியில் நின்ற ஏற்பாடு, பணத்துக்கு வேலி போட்ட பிறகு 125-ஐத் தரும் என்று நம்புவதற்கு முன் யோசியுங்கள்.

இரண்டு அரசும் மல்லுக்கட்டினால் யார் அடிபடுவார்கள்?

இதற்கு அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி நின்றது. 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி இருக்கிறது, விடுவியுங்கள் என்று 2025 ஜனவரி 13 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பொங்கலுக்குக் கூலி வரவில்லை. மார்ச் கடைசியில் பாக்கி 4,034 கோடி என்று சொல்லி திமுக மாநிலம் முழுக்க ஒன்றியங்களில் ஆர்ப்பாட்டம் நடத்தியது. ஏழு கோடி மக்கள் உள்ள தமிழ்நாட்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறோம், இருபது கோடி மக்கள் உள்ள உத்தரப் பிரதேசத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று மத்திய அரசு பதில் சொன்னது. அதன் பிறகு 2,999 கோடி வந்தது. இடையில் ஐந்து மாதம் போனது. அந்த ஐந்து மாதம் மளிகைக் கடையில் கடன் சொன்னவர்கள், கந்து வட்டிக்கு வாங்கியவர்கள் யார்? நம் அம்மாக்களும் அக்காக்களும்தான். இந்த வேலைக்கு வருகிறவர்களில் சுமார் 86 சதவீதம் பெண்கள் என்று முதலமைச்சரின் அந்தக் கடிதமே சொல்கிறது.

கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பாக இருந்தபோதே இந்த இழுபறி. இனி இருவரும் பங்கு போட வேண்டும். 'அவர்கள் அனுப்பவில்லை' என்று இவர்களும், 'இவர்கள் தங்கள் பங்கைப் போடவில்லை' என்று அவர்களும் கை காட்டுவதற்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது.

மேற்கு வங்கத்தைப் பாருங்கள். முறைகேடு என்று சொல்லி 2022 மார்ச்சில் மத்திய அரசு அந்த மாநிலத்துக்கு இந்தத் திட்டப் பணத்தை நிறுத்தியது. மூன்று வருடத்துக்கு மேல் வேலை இல்லை. தப்பு செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள், அதற்காகத் திட்டத்தையே காலவரம்பில்லாமல் முடக்கி வைக்க முடியாது என்ற நிலைப்பாட்டில், 2025 ஆகஸ்ட் 1 முதல் வேலை தொடங்க வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து மத்திய அரசு போட்ட மனுவை அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கோர்ட்டில் ஜெயித்தது சரி. போன மூன்று வருடக் கூலியை யார் திருப்பித் தருவார்கள்?

பள்ளிக்கூடப் பணத்திலும் இதே கதைதான். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால், சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி நின்றுபோனது என்று மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொள்கைச் சண்டையில் இரண்டு அரசுக்கும் அவரவர் காரணம் இருக்கும். பணம் நிற்பதோ அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு.

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற காரியமில்லை. ஏழைகளுக்கான செலவை மத்திய அரசின் தோளிலிருந்து மாநிலங்களின் தோளுக்கு நகர்த்துவது அமெரிக்காவிலும் நடக்கிறது. அங்கே ஏழைக் குடும்பங்களுக்கான உணவு உதவித் தொகையை இதுவரை மத்திய அரசே கொடுத்துவந்தது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், அந்தத் தொகையில் ஒரு பங்கைப் பல மாநிலங்கள் வரும் ஆண்டுகளில் ஏற்க வேண்டும் என்கிறது. அதே வருடம் அக்டோபர், நவம்பரில் பட்ஜெட் சண்டையால் அமெரிக்க அரசு அலுவலகங்கள் 43 நாள் முடங்கியபோது, அந்த உதவியை நம்பியிருந்த நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் நவம்பர் மாதத் தொகை வருமா வராதா என்று தவித்தார்கள். பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி.

60 நாள் நிறுத்தம்: தருமபுரி கண் வைக்க வேண்டிய இடம்

விதைப்பு, அறுவடைக் காலத்தில் வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். அதில் உண்மை இருக்கிறது. பாலக்கோட்டில் தக்காளி பறிக்கவும், அரூர் பக்கம் கரும்பு வெட்டவும், மரவள்ளி பிடுங்கவும் ஆள் தேடி அலையும் சிறு விவசாயியின் கஷ்டத்தை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் புகாருக்குப் பதிலாகத்தான் வருடத்தில் மொத்தம் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. எந்த நாட்கள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; பகுதிக்குப் பகுதி வேறு வேறாகவும் அறிவிக்கலாம்.

இங்கேதான் தருமபுரிக்குச் சிக்கல். காவிரி ஒகேனக்கல் வழியாகப் பாய்ந்து போனாலும், நம் நிலத்தில் பெரும்பகுதி மழையைப் பார்த்துத்தான் விதைக்கிறது. ராகி, சாமை, நிலக்கடலை, சோளம் எல்லாம் வானம் பார்த்த வெள்ளாமை. மழை வந்தால் ஏர் பூட்டலாம், வயலில் வேலை இருக்கும். மழை பொய்த்தால் விதைப்பே இல்லை. விதைப்புக் காலம் என்று முன்கூட்டியே அறிவித்து நூறு நாள் வேலையையும் நிறுத்திவிட்டு, அந்த வருடம் மழையும் வராமல் போனால், காட்டிலும் வேலை இல்லை, ஏரியிலும் வேலை இல்லை. அப்போது மிச்சம் இருப்பது ஓசூர், பெங்களூர் பஸ் ஒன்றுதான்.

டெல்டாவுக்குப் பொருந்தும் காலண்டர் சித்தேரி மலைக்குப் பொருந்தாது. பென்னாகரத்துக்குப் பொருந்தும் தேதி பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம். ஆகவே தேதிகளை ஒன்றிய வாரியாக, அந்தந்த ஊர் விவசாயிகளையும் கூலித் தொழிலாளர்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மழை பொய்த்தால் நிறுத்தத்தை உடனே நீக்கும் விதி மாநிலத் திட்டத்துக்குள் இருக்க வேண்டும். மாநிலத் திட்டத்தை எழுதும் நேரத்திலேயே இதைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதி முடித்த பிறகு அழுது பயனில்லை.

அவர்கள் சொல்வதையும் கேட்போம்

புதிய சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வது அத்தனையும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு நாள் வேலையில் வராதவர் பேரில் வருகைப் பதிவு, செய்யாத வேலைக்கு அளவு, பாதி வெட்டிய குட்டைக்கு முழு பில் என்று கோளாறு நடந்த ஊர்கள் உண்டு. அவற்றைத் தடுக்க வேண்டும். வாராவாரம் கூலி, அதிகபட்சம் பதினைந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது புதிய சட்டம், நடந்தால் நல்லது. நீர்ப் பாதுகாப்புக்கு முதலிடம் தருகிறது. வறண்ட தருமபுரிக்கு அது தேவையான ஒன்று. மாநிலமும் பணம் போட்டால் பொறுப்போடு செலவு செய்யும் என்ற வாதத்திலும் ஓரளவு பொருள் இருக்கிறது.

ஆனால் திருட்டைத் தடுக்கச் சமூகத் தணிக்கை இருக்கிறது, குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கிராமசபை இருக்கிறது. அவற்றைப் பலப்படுத்துவதற்குப் பணத்துக்கு உச்சவரம்பு போட வேண்டிய அவசியமில்லை. திருடியவன் வேறு, கூலிக்கு நிற்பவள் வேறு. தணிக்கையில் கோளாறு தெரிந்தால் பில் போட்டவரைப் பிடிக்கட்டும். உச்சவரம்பு போட்டால் அதில் மாட்டுவது நேர்மையாக மண் சுமந்தவர்.

பெயர் நீக்கத்திலும் விழிப்பு வேண்டும். 2022-23 ஒரே வருடத்தில் நாடு முழுக்க 5 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வேலை அட்டைகளிலிருந்து நீக்கப்பட்டதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இறந்தவர், ஊரை விட்டுப் போனவர், போலி என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில், உயிரோடு அதே தெருவில் இருப்பவர் பெயரும் தவறிப் போக எவ்வளவு நேரம் ஆகும்? 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் போட்டோ எடுத்துத்தான் வருகைப் பதிவு. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி. புதிய சட்டமும் கைரேகை போன்ற அடையாளச் சரிபார்ப்பைச் சேர்த்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம் தருமபுரி: 68.5 சதவீதம். மண் வேலையில் ரேகை தேய்ந்த விரலும், சிக்னல் இல்லாத மலைக் கிராமமும், எழுத்து தெரியாத பாட்டியும் இந்தச் சல்லடையில் முதலில் கீழே விழக்கூடியவர்கள்.

அதிலும் இது கேட்பாரில்லாத நேரம். தருமபுரி உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தலைவர் இருந்தால் வீட்டுத் திண்ணையில் போய்ச் சண்டை போடலாம். தனி அலுவலரைத் தேடி ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் கண்காணிப்பு நம் கைக்கு வந்திருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை

வேலையை எழுத்தில் கேளுங்கள். பல ஊராட்சிகளில் இந்த வாரம் மேலத் தெரு, அடுத்த வாரம் கீழத் தெரு என்று முறை வைத்து வேலை கொடுப்பது வழக்கம். நாமும் கூப்பிடும்போது போகிறோம். அப்படிப் போனால் நாம் எத்தனை நாள் வேலை கேட்டோம் என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. கேட்டவர் குறைவு என்று காட்டித்தான் நாளைக்குப் பணத்தைக் குறைப்பார்கள். வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்து போய்க் கொடுங்கள்.

வேலை தரவில்லையா? கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கேட்க உரிமை உண்டு. பழைய சட்டத்தில் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன் பிறகு பாதிக்குக் குறையாமலும் தர வேண்டும் என்று இருந்தது. புதிய சட்டத்திலும் இந்த உரிமை தொடர்கிறது. கையில் ரசீது இல்லாவிட்டால் இந்த உரிமையும் இல்லை.

பழைய வேலை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் வேலை செய்த நாட்களுக்கு அதுவே சாட்சி. எல்லாப் பக்கத்தையும் பிள்ளைகளை விட்டு போட்டோ எடுத்து வையுங்கள். அட்டையில் உங்கள் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஊராட்சி செயலரிடமோ, திட்டத்தின் இணையதளத்திலோ பார்த்துவிடுங்கள். பெயர் இல்லை என்றால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.

புரோக்கரிடம் ஏமாறாதீர்கள். சட்டம் மாறும் நேரம் ஏமாற்றுகிறவர்களுக்கு அறுவடைக் காலம். '125 நாள் புது அட்டை வாங்கித் தருகிறேன், ஐந்நூறு கொடு' என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆதார் எண்ணையும், போனில் வரும் ஓடிபி-யையும் சொல்லாதீர்கள். பதிவுக்கும் அட்டைக்கும் கட்டணம் கிடையாது.

கிராமசபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடும். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நம் ஊராட்சிக்கு இந்த வருடம் எத்தனை மனித நாட்கள் கிடைத்தன, கூலி பாக்கி எவ்வளவு, 60 நாள் நிறுத்தம் எப்போது என்று கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள்.

கூலி தாமதமானால் சும்மா இருக்காதீர்கள். ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். 1100 என்ற அரசு உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவின் நகலும் ரசீதும் வீட்டில் இருக்கட்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மூன்று கேள்வி

எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், மக்களவை உறுப்பினரானாலும் சட்டமன்ற உறுப்பினரானாலும், காந்தி பெயரைப் பற்றியோ ராமர் பெயரைப் பற்றியோ பேசி முடிக்கட்டும். முடித்த பிறகு இதைக் கேளுங்கள். ஒதுக்கிய பணம் தீர்ந்த பிறகும் வேலை கேட்டு நிற்பவருக்குக் கூலியை யார் தருவது? மாநிலத்தின் நாற்பது பங்கை எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பீர்கள், அது இந்த வருட பட்ஜெட்டில் எத்தனை கோடி என்று தனியாக எழுதியிருக்கிறதா? தருமபுரியில் மழை பொய்த்தால் 60 நாள் நிறுத்தத்தை நீக்குவீர்களா?

டெல்லியில் ஆளுகிறவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சென்னையில் ஆளுகிறவர் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால், பாக்கி 4,034 கோடி என்று ஆர்ப்பாட்டம் நடந்த அந்த மார்ச் மாதத்தை ஞாபகப்படுத்துங்கள். அன்று இரண்டு தரப்பும் பேசின. கூலி மட்டும் வரவில்லை.

பட்ஜெட்டில் வெட்டு விழுகிறது என்று யாரும் தண்டோரா போட்டுச் சொல்ல மாட்டார்கள். 'இந்த வாரம் வேலை இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று பணித்தளப் பொறுப்பாளர் சொல்லும் சொல்லாகத்தான் அது ஊருக்குள் வரும். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். ஏன் இல்லை என்று கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.